பியூனஸ் அயர்ஸ்: வீடு விழிக்கும் முன் பறவைகள்

பியூனஸ் அயர்ஸில் நண்பர் வீட்டில் தங்கப் போகிறீர்களா? பறவை பார்ப்பதற்கான நேரத்தை அந்த ஊரே ஒதுக்கித் தந்துவிடும். அங்கே இரவுச் சாப்பாடு ஒன்பது, பத்து மணிக்குத்தான். விடுமுறை நாளென்றால் பேச்சு நள்ளிரவைத் தாண்டும். மறுநாள் வீடு சாவகாசமாக எழும். அதற்கு முந்தைய சில மணி நேரம் முழுக்க உங்களுடையது. வாசல் சாவியை முதல்நாள் இரவே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நேரே கோஸ்தனேரா சூர் சூழலியல் காப்பகத்துக்குப் போங்கள். ஜனாதிபதி மாளிகை இருக்கும் மாயோ சதுக்கத்திலிருந்து நடந்தே போய்விடலாம். நுழைவுக் கட்டணம் கிடையாது. திங்கட்கிழமை விடுமுறை, மழை பெய்தாலும் மூடிவிடுவார்கள். அப்படி ஏமாந்துபோனால் திரும்பிவிடாதீர்கள். வெளியே உள்ள பழைய நடைபாதையின் சுவரோரம் நின்றாலே குளம் தெரியும். ஆனால் குளம் கிழக்கே இருப்பதால் காலையில் அங்கிருந்து பார்த்தால் வெயில் கண்ணில் அடிக்கும். காலையில் உள்ளே போய் ஆற்றுப் பக்கமிருந்து பாருங்கள். நடைபாதையை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தின் கதையைத் தெரிந்துகொண்டு நடப்பது நல்லது. 1918இல் இது நகர மக்கள் குளிக்க வந்த ஆற்றங்கரை. பிறகு ஆறு மாசுபட்டது, குளிப்பது நின்றது. 1970களின் கடைசியில், இடித்த கட்டடங்களின் இடிபாடுகளைக் கொண்டுவந்து கொட்டி ஆற்றைத் தூர்த்தார்கள். 1984இல் அந்த வேலை கைவிடப்பட்டது. விதைகள் தாமாக வந்து முளைத்தன, பள்ளங்களில் நீர் தேங்கியது, பறவைகள் வந்தன. 1986இல் நகராட்சி இதைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தது. 2005இல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. சுமார் 350 ஹெக்டேர் பரப்பு, முந்நூறுக்கும் மேற்பட்ட பறவையினங்கள். ஆற்றோரம் குனிந்து பார்த்தால், அலை உருட்டி மழுக்கிய செங்கல் துண்டுகள் இன்றும் கிடக்கின்றன. கைவிட்ட நிலத்தை இயற்கை எடுத்துக்கொண்டதற்கு இதைவிடக் கண்கூடான சாட்சி எனக்குத் தெரியாது.

முதலில் கண்ணில் படுவது ஒர்னேரோ. செம்பழுப்பு நிறத்தில் தரையில் விறுவிறுவென்று நடக்கும் சிறு பறவை. 1928 முதல் அர்ஜென்டினாவின் தேசியப் பறவை. அதன் கூட்டருகே சற்று நில்லுங்கள். சேற்றையும் வைக்கோலையும் குழைத்து, கவிழ்த்த பானைபோல ஜோடியாகக் கட்டுகின்றன. பக்கவாட்டில் வாசல். வாசலுக்குப் பின்னால் உள்ளே ஒரு வளைந்த தடுப்புச் சுவர். அதைச் சுற்றிப் போனால்தான் முட்டை இருக்கும் அறை. அடுத்த ஆண்டு பெரும்பாலும் புதுக் கூடு கட்டும்; பழையதில் மஞ்சள் நிறச் சிட்டுகள் குடியேறும். இதைப் பார்க்கக் காப்பகம் வரைகூடப் போக வேண்டாம், விளக்குக் கம்பத்திலும் சிலையின் தலையிலும் கட்டிவைத்திருக்கும்.

புல்வெளியில் தேரோ கத்தும். நம்மூர் ஆள்காட்டிக் குருவிக்கு நெருங்கிய உறவு. அதே பதற்றம், அதே கூச்சல். குளத்தில் கருங்கழுத்து அன்னம், இலைக்கோழி, நத்தை தின்னும் பருந்து ஆகியவற்றைத் தேடுங்கள். வான்கோழி அளவுள்ள சஹா என்ற பறவையின் குரல் வெகுதூரம் கேட்கும். செய்போ மரத்தைப் பார்த்தால் பழகிய முகமாகத் தோன்றும். நம் கல்யாண முருங்கையின் இனம்தான் அது, அதன் சிவந்த பூதான் நாட்டின் தேசிய மலர். அங்கே வசந்தம் செப்டம்பர் முதல் நவம்பர் வரை. வசதியிருந்தால் அப்போது போங்கள். நவம்பரில் நகரத் தெருக்களில் ஜக்கரந்தாவும் பூத்திருக்கும். கொசு உண்டு, முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

மதியத்துக்கு மேல் நண்பர்களோடு ஊர் சுற்றலாம். பேருந்து, சுரங்க ரயில், புறநகர் ரயில் எல்லாவற்றுக்கும் சுபே அட்டை ஒன்று போதும். சுரங்க ரயிலின் ஏ தடம் 1913இல் ஓடத் தொடங்கியது. 1908இல் திறந்த கொலோன் அரங்கத்தைச் சுற்றிக்காட்ட வழிகாட்டிகள் இருக்கிறார்கள். பழைய நாடக அரங்கு ஒன்றைப் புத்தகக் கடையாக்கிய எல் அத்தெனேயோவை விட்டுவிடாதீர்கள். லா போக்காவின் வண்ண வீடுகளைப் பகலில் பாருங்கள், கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டுச் சந்துகளுக்குள் போகாதீர்கள். ஞாயிறு என்றால் சான் தெல்மோ தெருச்சந்தை.

ஞாயிறு மதியம் வீட்டில் இறைச்சி சுடுவார்கள். நீங்கள் சைவமென்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சுட்ட ப்ரோவொலேத்தா பாலாடைக்கட்டியும் சோளம் வைத்த எம்பனாதாவும் கிடைக்கும். மாத்தே என்ற பானத்தின் குவளை சுற்றி வரும்போது உறிஞ்சு குழலைக் கிளறாமல், முழுக்கக் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். போதும் என்கிறபோது மட்டும் நன்றி சொல்லுங்கள். சொன்னபின் அடுத்த சுற்றில் குவளை உங்களிடம் வராது.

இன்னொரு காலை மிச்சமிருந்தால் ரெத்தீரோ நிலையத்தில் மீத்ரே தட ரயிலேறிச் சான் இசித்ரோ பக்கம் போங்கள். 1924இல் பெரு செல்லும் வழியில் நோயுற்ற தாகூரை எழுத்தாளர் விக்டோரியா ஒகாம்போ தங்கவைத்து உபசரித்தது அங்கேதான். ஆற்றோரத்தில் ரிபேரா நோர்த்தே என்ற சிறு காப்பகமும் உண்டு. முதலில் காப்பகம், பிறகு ஒகாம்போவின் மாளிகை என்று வைத்துக்கொள்ளுங்கள். மாளிகை திறந்திருக்கும் நாட்களை மட்டும் முன்பே நண்பரை விசாரிக்கச் சொல்லுங்கள்.