தொடையெலும்பு முறிவும் அதன் சிகிச்சையும்

மனித உடலில் நீளத்திலும் உறுதியிலும் முதலிடம் பெறுவது தொடையெலும்பு. ஒருவரது உயரத்தில் ஏறத்தாழக் கால் பங்கு அதன் நீளமாகும். இத்துணை வலிய எலும்பு இளம் வயதில் முறியுமாயின், தாக்கிய விசை மிகப் பெரிதாயிருத்தல் வேண்டும். மும்பையில் அத்தகைய விசைக்குக் குறைவில்லை. மாதுங்காவுக்கும் சயானுக்கும் இடையே தண்டவாளத்தைக் குறுக்கே கடப்போரும், செம்பூர்ச் சாலைகளில் லாரியில் மோதுண்ட மோட்டார் சைக்கிள்காரரும், தாராவியின் செங்குத்தான இரும்பு ஏணிகளிலிருந்து தவறி விழுவோரும் இதற்கு ஆளாகின்றனர். தாராவியை அடுத்துச் சயானில் உள்ள லோகமான்ய திலகர் மாநகராட்சிப் பொது மருத்துவமனை இத்தகையோர் பலரைத் தினமும் காண்கிறது.

முறிந்தது எலும்பு, ஆயினும் முதலில் உயிருக்கு உலை வைப்பது இரத்த இழப்பே. வளர்ந்தவர் உடலில் உள்ள இரத்தம் ஏறக்குறைய 5 லிட்டர். தொடையெலும்பின் நடுத்தண்டு முறிந்தால், வெளியே ஒரு துளியும் சிந்தாமலே 1 முதல் 1½ லிட்டர் வரை தொடைத் தசைகளுக்குள் தேங்கிவிடும். "காயம் ஒன்றும் இல்லையே" என்று சூழ நிற்போர் ஆறுதல் அடைவர். அதே வேளையில் முகம் வெளிறும். குளிர்ந்த வியர்வை அரும்பும். நாடி விரைந்து மெலியும்.

தொடைத் தசைகள் வலிமை மிக்கவை. எலும்பு துண்டானதும் அவை சுருங்கி, ஒரு துண்டை மற்றொன்றின் மேல் ஏற்றிவிடுகின்றன. கால் குட்டையாகிறது, கூரிய முனைகள் சதையைக் கிழிக்கின்றன. ஆசிரியர்கள் இதை வகுப்பில் எளிதாகக் காட்டலாம். ஒரு குச்சியை இரண்டாக ஒடித்து, இழுத்துப் பிடித்த ரப்பர் வளையத்தின் இரு முனைகளையும் குச்சித் துண்டுகளின் வெளி முனைகளில் கட்டுக. கையை விட்டதும் துண்டுகள் ஒன்றையொன்று தாண்டிச் செல்லும். நீளவாக்கில் இழுத்தால் மீண்டும் நேராகும். இழுவைச் சிகிச்சையின் தத்துவம் இதுவே. பெயர் கேட்போரை அச்சுறுத்தினும், செயல் வலியைத் தணிப்பதாகும்.

இத்தத்துவத்தின்படி கால்சட்டம் ஒன்றை 19-ஆம் நூற்றாண்டில் அமைத்தவர் லிவர்பூலில் வாழ்ந்த ஹ்யூ ஓவன் தாமஸ். அவர் முறையாகப் பயின்ற மருத்துவர். ஆனால் தலைமுறை தலைமுறையாக எலும்பு கட்டும் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய உறவினரும் சீடருமான ராபர்ட் ஜோன்ஸ் முதல் உலகப் போரில் அச்சட்டத்தைப் பரப்பினார். அதற்கு முன்னர்த் தொடை முறிந்த போர்வீரருள் நூற்றுக்கு எண்பதின்மர் வரை மடிந்தனர் என அக்கால மருத்துவர் எழுதினர். 1917-இல் ஆராஸ் போரில் இத்தொகை நூற்றுக்கு 16 அளவுக்கு இறங்கியது. எலும்பு கூடுவதற்கு முன்பே, அசையாமல் நிறுத்திக் கொண்டு வந்ததனால் பெரிதும் காக்கப்பட்ட உயிர்கள் அவை.

தாராவியின் பல சந்துகளில் ஆம்புலன்ஸ் நுழைய இயலாது. ஆகவே 108-ஐ அழைத்தபின், வண்டி நிற்கும் இடம் வரை கொண்டுசேர்க்கும் பொறுப்பு அயலாருடையது. தோளில் தூக்கிச் செல்லுதல் கூடாது. இரு கால்களுக்கும் இடையே மடித்த துணியை வைத்து, நல்ல காலோடு முறிந்த காலைச் சேர்த்து, முறிந்த இடத்தை விட்டு மேலும் கீழும் கட்டுக. பலகையோ கதவோ கிடைத்தால் அதில் கிடத்துக. பாதவிரல்கள் குளிர்ந்தோ நீலமாகவோ மாறின் கட்டைத் தளர்த்துக. எண்ணெய் தேய்த்தல் ஆகாது. காப்பி, சோடா எதுவும் கொடுத்தலும் ஆகாது. மயக்க மருந்து கொடுக்கும்போது அது மூச்சுக்குழலில் ஏறக்கூடும். சாலை விபத்தில் உதவுவோரை வழக்கு, விசாரணைத் தொல்லைகளிலிருந்து 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் காக்கிறது என்பதையும் ஊழியர் எடுத்துரைத்தல் நலம்.

நம்மவர் சிலர், ஊருக்குக் கொண்டுபோய்ப் புத்தூர்க் கட்டுப் போடலாம் என்பர். முன்கை எலும்பு விலகாமல் விரிசல் கண்டால் மூங்கில் பத்தை அதனைத் தாங்கக்கூடும். தொடைத் தசையின் இழுப்பை எந்தப் பத்தையும் வெல்லாது. ரயிலில் ஓர் இரவும் பகலும் கழிவதற்குள் நேரும் கேட்டை அவர்கள் கணக்கில் கொள்வதில்லை.

சிகிச்சை வயதுக்கு ஏற்ப மாறும். சிறு குழந்தைகளுக்கு மாவுக்கட்டே பெரும்பாலும் போதும். சில வாரங்களில் கூடிவிடும். வளர்ந்தோர் முன்பு இரண்டு மூன்று மாதங்கள் இழுவையில் படுத்திருந்தனர். கூலி வேலை செய்வோர் குடும்பத்துக்கு அது பெருந்துன்பம். 1939-இல் ஜெர்மனியின் கீல் நகரில் கெர்ஹார்ட் குன்ட்ஷர் எலும்பின் உட்குழலில் நீண்ட உலோக ஆணியைச் செலுத்தினார். இன்று அவ்வாணியின் இரு முனைகளிலும் குறுக்குத் திருகுகள் பூட்டப்படுவதால் எலும்பு சுழலாது, குறுகாது. பலர் சில நாட்களிலேயே ஊன்றுகோலுடன் எழுகின்றனர். எலும்பு முற்றும் கூட மூன்று முதல் ஆறு மாதம் ஆகலாம்.

முதியோர் கதை வேறு. குளியலறையில் வழுக்கி விழுந்த பாட்டியின் கால் சற்றுக் குறுகி, பாதம் வெளிப்புறம் திரும்பியிருந்தால், தொடையெலும்பின் கழுத்து முறிந்திருக்கக் கூடும். அங்கு எலும்பின் தலைக்குச் செல்லும் இரத்தக் குழல்கள் அறுபடுவதால், பல வேளைகளில் தலையை நீக்கி உலோகத் தலை பொருத்துவர். "இந்த வயதில் அறுவை எதற்கு, படுத்தே இருக்கட்டும்" என்று வீட்டார் கூறுவது வழக்கம். படுக்கைப் புண், நிமோனியா, கால் சிரையில் இரத்தம் உறைதல் ஆகியன படுத்திருப்பதனாலேயே வருகின்றன. ஆதலின் இயன்றவரை இரண்டு நாட்களுக்குள் அறுவை செய்து, மறுநாளே அவரை எழுப்பி நிறுத்த மருத்துவர் முயல்வர்.