கார்த்திகைத் தொட்டி, தை மாதச் சாடி

அன்புள்ள யாழினிக்கு,

தாம்பரம் வீட்டு மாடியில் மூலிகைத் தோட்டம் போடுகிறாய் என்று உன் அப்பா போனில் சொன்னான். துளசி, தூதுவளை, கற்பூரவல்லி மூன்றும் வந்துவிட்டனவாம், தைலம் காய்ச்சவும் ஆசையாம். நல்ல மாதத்தில்தான் தொடங்கியிருக்கிறாய் கண்ணு. ஆனால் நம் ஊர்க் குளிர்காலம் ஒன்றல்ல, இரண்டு. ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டும். மார்கழி, தையில் மழை விலகிப் பனி இறங்கும். முதல் பாதி செடி வேர்பிடிக்கிற காலம், அடுத்த பாதி இலை பறித்துக் காயவைக்கிற காலம். இதை மாற்றிச் செய்கிறவர்கள் வீட்டில்தான் தொட்டியில் செடி அழுகும், சாடியில் பொடி பூசணம் பூக்கும். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: இருக்கக் கூடாத இடத்தில் ஈரம்.

சென்னைக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும் மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதத்தில் பெய்து தீர்ந்துவிடுகிறது. மாடித்தோட்டக்காரர்கள் வெயிலை நினைத்துத் தொட்டியில் தேங்காய்நார்க் கழிவை அள்ளிப் போட்டிருப்பார்கள். அது தண்ணீரை விடாமல் பிடித்துவைக்கும். சித்திரையில் செடிக்கு உயிர் கொடுக்கும் அதே குணம் கார்த்திகையில் வேருக்கு எமன். மூலிகைகளில் பலவும் வேலியோரத்திலும் வறண்ட மண்ணிலும் வளர்ந்து பழகியவை. நான்கு நாள் பட்டினியைத் தாங்கும், நான்கு நாள் நீச்சலைத் தாங்காது. செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் மூன்றும் சம பங்கு கலந்தால் போதும். தொட்டியை இரண்டு செங்கல் மேல் தூக்கி வை. அடித்துளையில் வேரோ மண்ணோ அடைத்திருந்தால் குச்சியால் குத்திவிடு.

தொட்டிக்கு அடியில் தட்டு வைக்கும் பழக்கத்தை மழைக்காலத்தில் விட்டுவிட வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், ஒரு வாரம் பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். காய்ச்சலுக்கு மருந்துச் செடி வளர்க்கிறோம் என்று சொல்லிக்கொண்டு அதன் காலடியிலேயே காய்ச்சலை வளர்க்கிற மாடிகள் நகரத்தில் குறைவில்லை!

கற்பூரவல்லியை நர்சரியில் விலை கொடுத்து வாங்கியிருக்க வேண்டாம். எந்த வீட்டிலிருந்தும் ஒரு கிளை போதும். கணுவுக்குச் சற்றுக் கீழே நாலு விரல் நீளத்துக்கு வெட்டி, அடி இலைகளை உதிர்த்துவிட்டு, வெட்டுவாய் காய ஒரு நாள் நிழலில் போட்டு, பிறகு நட்டால் இரண்டு வாரத்தில் பிடித்துக்கொள்ளும். அந்தத் தடித்த இலையைக் கசக்கினால் ஓம வாசனை வருவது தற்செயல் அல்ல. ஓமத்தில் இருக்கும் தைமால் என்ற பொருளும் அதன் நெருங்கிய உறவான கார்வக்ரோலும்தான் இந்த இலையின் வாசத்துக்கும் காரணம். இலை நீர் நிறைந்தது. ஆகவே இதைக் காயவைத்துப் பொடியாக்க மெனக்கெடாதே. ரசத்தில் போடு, பஜ்ஜி போடு, செடியிலிருந்து நேராக அடுப்புக்குப் போகட்டும்.

தூதுவளை வேறு ரகம். வளைந்த முள்ளால் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு ஏறுகிற கொடி, ஆகவே தொட்டியில் ஒரு கொம்பு நட்டுவை. தண்டில் மட்டுமல்ல, இலையின் அடிநரம்பிலும் முள் இருக்கும். துவையலுக்கு முன் இலையைத் திருப்பிப்போட்டு ஒவ்வொன்றாகக் கத்தரிக்க வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் அப்படியே நல்லெண்ணெயில் வதக்கி அரைத்துவிட்டுத் தொண்டையில் குத்துகிறது என்பார்கள். பூ ஊதா, பழம் சிவப்பு. பழம் மஞ்சளாகவும் முள் ஊசிபோல் நேராகவும் இருந்தால் அது கண்டங்கத்திரி. அதுவும் மருந்துச் செடிதான், ஆனால் துவையலுக்கு உரியது அல்ல.

துளசிக்குச் செய்ய வேண்டியது ஒன்றே: பூங்கதிர் தலைகாட்டியதும் கிள்ளிவிடு. விதை முற்றவிட்டால் இலை சிறுத்துவிடும், செடியும் சீக்கிரம் கட்டையாகிவிடும். பனிக்காலத்தில் கணுக்களில் வெள்ளைப் பஞ்சுபோல மாவுப்பூச்சி ஒட்டியிருக்கும். சமையலுக்குப் பறிக்கிற செடியில் கண்டதையும் தெளிக்காமல், ஈரத் துணியால் துடைத்து எடு, மிஞ்சியதைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவு.

இடம் மிச்சமிருந்தால் ஆடாதொடை ஒன்று வை. இருமலுக்குப் பாட்டிமார் கைக்கொண்ட அதே இலைதான் மருந்துக்கடைக்கும் போனது. இந்த இலையில் உள்ள வாசிசைன் என்ற பொருளை மூலமாகக் கொண்டு ஆய்ந்துதான் புரோம்ஹெக்சின் என்ற சளி மருந்தைச் செயற்கையாக உருவாக்கினார்கள். அது 1960களில் புழக்கத்துக்கு வந்தது. இன்று இருமல் டானிக் புட்டிகளில் நீ பார்க்கும் அம்ப்ராக்சால் அதன் வழிவந்தது. ஒரு எச்சரிக்கை: கர்ப்பிணிகளுக்கு ஆடாதொடை ஆகாது.

கரிசலாங்கண்ணிக்கும் முடக்கத்தானுக்கும் தொட்டியே வேண்டாம் என்பார்கள் எங்கள் பக்கத்தில். மழை விட்டதும் வரப்பில் ஒன்று, வேலியில் ஒன்று தானாக வரும். முடக்கத்தான் காயைப் பார்த்திருக்கிறாயா? காற்றடைத்த பச்சைப் பலூன்போல இருக்கும். முற்றியதும் உடைத்தால் உள்ளே மிளகளவு கருப்பு விதை, அதன் மேல் வெள்ளையாக ஒரு இதய வடிவம், அச்சுக் குத்தியதுபோல. அதில் நாலு விதை எடுத்து வைத்துக்கொண்டால் அடுத்த மழைக்கு உன் மாடிக்கும் வந்துவிடும். இலையைப் பச்சையாக அரைத்து மாவில் கலந்து தோசை வார்த்தால் கசப்பு அவ்வளவாகத் தெரியாது.

நீலகிரியில் கதையே மாறும். ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும். அங்கே துளசி ஒரே இரவில் கருகிவிடும், ரோஸ்மேரியும் தைமும் தாக்குப்பிடிக்கும். தாம்பரம் மாடியில் அவற்றை வளர்க்க முயல்கிறவர்கள் பனியில் ஜெயித்து, வெயிலில் தோற்கிறார்கள்.

இனி பறிப்பது. மார்கழியில் விடியலில் இலை மேல் பனி நிற்கும். அது உலரும்வரை பொறுத்து, வெயில் சுள்ளென்று ஏறுவதற்குள் பறித்துவிட வேண்டும். பூக்கும் முன் பறித்த இலைக்கு வாசம் அதிகம். கழுவி, துணியில் ஒற்றி, காற்றோட்டமான அறையில் முறத்தில் பரப்பு, நேர்வெயிலில் போடாதே. பச்சையும் போகும், வாசமும் போகும். தினம் இருமுறை புரட்டிவிடு. இலை விரலுக்கிடையில் சருகாக நொறுங்கி, காம்பு வளையாமல் பட்டென்று ஒடிந்தால்தான் காய்ந்தது என்று பொருள். சாடியில் அடைத்த பிறகும் மூன்று நான்கு நாள் கண் வைத்திரு. கண்ணாடியின் உட்புறம் லேசாக மூடுபனி படர்ந்தால் திரும்பவும் முறத்தில் கொட்டிவிட வேண்டியதுதான்.

சித்த மருத்துவம் உள்ளுக்குத் தரும் மருந்தை 32 வகையாகவும் வெளிமருந்தை 32 வகையாகவும் பிரித்திருக்கிறது. உள்மருந்துகளுக்கு ஆயுளும் குறித்திருக்கிறது. இலைச்சாறு, குடிநீர் எனப்படும் கஷாயம், அரைத்த கற்கம் ஆகியவற்றுக்கு ஒரு சாமம், அதாவது மூன்று மணி நேரம். சூரணத்துக்கு மூன்று மாதம். இளகத்துக்கு, நாம் லேகியம் என்கிறோமே அதற்கு, ஆறு மாதம். எண்ணெய்க்கு ஒரு வருடம். வரிசையைக் கவனித்தாயா? தண்ணீர் விலகினாலோ கட்டுண்டாலோ ஆயுள் கூடுகிறது. நுண்ணுயிர் பெருகத் தண்ணீர் வேண்டும். சூரணத்தில் அது காய்ந்துபோயிருக்கிறது, லேகியத்தில் வெல்லமும் தேனும் அதைக் கட்டிப்போட்டிருக்கின்றன, எண்ணெயில் அதை அடுப்பு விரட்டியிருக்கிறது. நுண்ணோக்கி இல்லாத காலத்தில் வகுத்த கணக்கு இது. கஷாயத்தைக் காய்ச்சி ஃபிரிட்ஜில் வைத்து வாரம் முழுவதும் குடிக்கிறவர்கள் இதை ஒருமுறை படிக்கலாம்.

தைலத்துக்கு வருவோம். கரிசலாங்கண்ணியை அரைத்துத் துணியில் பிழிந்த சாறும் தேங்காய் எண்ணெயும் சம அளவு எடுத்துக்கொள். பாத்திரம் அகலமாகவும் ஆழமாகவும் இருக்க வேண்டும், பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. சூடான எண்ணெயில் சாறு பொங்கி வழியும். அம்மா பக்கத்தில் இல்லாமல் அடுப்பைப் பற்றவைக்காதே. சிறு தீயில் முதலில் பச்சை நுரை கட்டும், பிறகு சடசடவென்று சத்தம் வரும். அந்தச் சத்தம்தான் தண்ணீர் ஆவியாகிப் போகிற சத்தம். அடியில் தங்கும் மண்டியைக் கரண்டி நுனியில் எடுத்து ஆறவிட்டு விரலால் உருட்டிப் பார். முதலில் சேறுபோல் ஒட்டும். பிறகு மெழுகுபோல் திரளும். அதையும் தாண்டினால் மணலாக உதிரும், அதற்கு மேல் போனால் கருகல் வாடை. மெழுகுப் பதம் கடந்து மணல் தொடங்கும்போது இறக்கிவிடுவது பாதுகாப்பு. சந்தேகம் இருந்தால் ஒரு பஞ்சுத் திரியை எண்ணெயில் நனைத்து ஏற்றிப் பார். பொரிந்தால் ஈரம் மிச்சம், அமைதியாக எரிந்தால் பதம். பச்சை இலையைப் புட்டியில் திணித்து எண்ணெய் ஊற்றி அழகுக்கு ஜன்னலில் வைக்கிற முறையைப் படங்களில் பார்த்து மயங்காதே. இலையின் நீர் அப்படியே உள்ளே இருக்கிறது, கெடுவதற்கு அதுவே போதும்.

தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும். ஆகவே மார்கழிக் காலையில் தைலம் கட்டியாகிவிட்டது, கெட்டுப்போயிற்று என்று கொட்டிவிடாதே. வெந்நீரில் புட்டியைச் சற்று நேரம் நிறுத்தினால் இளகிவிடும். காய்ச்சும்போதே கால் பங்கு நல்லெண்ணெய் சேர்த்தால் அவ்வளவாக உறையாது.

குளியல் பொடிக்குப் பச்சைப்பயறு, ஆவாரம்பூ, பூலாங்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள், வெட்டிவேர் போதும். நாட்டு மருந்துக் கடையில் கார்போக அரிசியும் சேர்க்கச் சொல்வார்கள். அதில் உள்ள சோரலென் தோலை வெயிலுக்குக் கூச வைக்கும். தேய்த்துக்கொண்டு வெயிலில் விளையாடப் போனால் சிவந்து எரியலாம். உனக்கு அது வேண்டாம்.

உன் தம்பிப் பாப்பாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் துளசிச் சாற்றில் குழைத்தாலும் சரி, தேன் கூடவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்துகள் பிஞ்சுக் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். வசம்பும் வேண்டாம். தாத்தாவுக்கு ரத்தக் கொதிப்பு இருப்பதால் அவர் கஷாயத்தில் அதிமதுரம் சேர்க்காதே, அது அழுத்தத்தைக் கூட்டும். செடி எது என்று ஐயம் வந்தால் தாம்பரம் சானடோரியத்திலேயே தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு போய்க் கேட்கலாம். காய்ச்சல் இரண்டு நாளுக்கு மேல் நின்றால் கஷாயத்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டும்.

போகிக்கு முந்தின நாளே வந்துவிடு. காப்புக் கட்டச் சிறுபீளையும் ஆவாரம்பூவும் பறிக்க இங்கே ஆள் இல்லை. ரோட்டோரப் புழுதி படாத ஆவாரை எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்திருக்கிறேன், குளியல் பொடிக்கும் சேர்த்தே பறித்துவிடலாம். வாயகன்ற கண்ணாடிச் சாடி இரண்டு, மூடியோடு, கழுவிக் காயவைத்து எடுத்து வா.

அன்புடன்,
அத்தை