பொன்னி அரிசியும் இரும்புப் பெட்டியும்

திருச்சியிலிருந்து காவிரியையும் கொள்ளிடத்தையும் கடந்து, நம்பர் 1 டோல்கேட்டில் துறையூர்ச் சாலைக்குத் திரும்புகிற எவருக்கும், மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைகளின் ஊர் என்பதை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆற்றுப் பாசனமும், நெல் வியாபாரத்தில் தலைமுறை தலைமுறையாகத் திரண்ட அனுபவமும் சேர்ந்து பேர்பெறச் செய்த அவ்வூர்ப் பொன்னி அரிசி, உள்நாட்டுச் சந்தைகளோடு நின்றுவிடாமல், கடல் கடந்து வாழும் தமிழ்க் குடும்பங்களின் அடுப்படி வரையிலும் பிரயாணம் செய்கிறது. மலேசியாவில் உருவான மாசூரி இரகத்தின் வழிவந்ததே பொன்னி. ஆகையால் கிள்ளான் துறைமுகத்தில் இறங்கும் சிப்பம் தன் பூர்வீகத்துக்கே திரும்புகிறது என்று சொன்னாலும் பிழையில்லை. அந்தப் பிரயாணத்துக்கு வாகனமாக அமைந்திருப்பது கண்டெய்னர் என்னும் இரும்புப் பெட்டி. மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லாரி முதலாளியின் முயற்சியால், ஐடியல் எக்ஸ் என்ற கப்பல் 58 பெட்டிகளை ஏற்றிக்கொண்டு 1956 ஏப்ரல் 26 அன்று நெவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்ட நாள் முதலாக, உலக வர்த்தகத்தின் போக்கையே மாற்றிவிட்ட சாதனம் அது. அதைப் பற்றி நம் ஆலை முற்றங்களில் வழங்கிவரும் சில நம்பிக்கைகளோ சரக்குக்கும், அதைவிட முக்கியமாக மனிதர்களுக்கும் கேடு விளைவிக்கக்கூடியவை. அவற்றை எடுத்து ஆராய்வது அவசியமென்று கருதுகிறேன்.

பெட்டி பெரிதானால் சரக்கும் அதிகம் கொள்ளும் என்பது ஒரு நம்பிக்கை. பஞ்சு மெத்தைக்கும் பிளாஸ்டிக் குடத்துக்கும் இது பொருந்தும், அரிசிக்குப் பொருந்தாது. இருபது அடிப் பெட்டியின் உள்ளிடம் ஏறக்குறைய 33 கன மீட்டர், நாற்பது அடிப் பெட்டியினுடையது சுமார் 67 கன மீட்டர் என்பது வாஸ்தவமே. ஆயினும், பெட்டியும் சரக்கும் சேர்ந்த மொத்த எடைக்கு நெடுங்காலமாக வழங்கிவரும் உச்ச வரம்பு இரண்டுக்கும் 30.48 டன் என்ற ஒரே அளவுதான். சிறிய பெட்டியின் சொந்த எடை சுமார் 2.3 டன், பெரியதனுடையது சுமார் 3.8 டன் என்பதையும் கணக்கில் கொண்டால், இந்த வரம்புக்குள் பெரிய பெட்டி சிறியதைக் காட்டிலும் குறைவான அரிசியையே தாங்கும் என்ற, முதன்முறை கேட்பவருக்கு விபரீதமாகத் தோன்றும் முடிவுக்கே வருகிறோம். 25 கிலோ சிப்பங்கள் ஆயிரம் அடுக்கினால் 25 டன். அது இருபது அடிப் பெட்டியின் இடத்தையும் பெரும்பாலும் நிறைத்துவிடும். அரிசி வியாபாரிகள் சிறிய பெட்டியையே கேட்டு வாங்குவதன் காரணம் இதுதான். இன்னொன்றும் நினைவிலிருக்க வேண்டும்: கதவின் மேல் எழுதப்பட்டிருக்கும் வரம்பு பெட்டி தாங்கும் வரம்பேயன்றி, அதைச் சுமக்கும் லாரியின் அச்சுகளுக்குச் சட்டம் அனுமதிக்கும் வரம்பு அன்று. அந்த வரம்பு நாட்டுக்கு நாடு மாறும். இறங்கும் நாட்டின் சாலை விதியையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நலம்.

இரும்புச் சுவர் இருக்கும்போது சரக்கு எங்கே போய்விடும் என்று கேட்பவர்கள் அநேகர். இந்தக் கேள்வியில் நியாயம் இருப்பதுபோல் தோன்றுவதால்தான் இதற்குச் சற்று விரிவாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. மண்ணச்சநல்லூரிலிருந்து புறப்படும் பெட்டி, விராலிமலை, துவரங்குறிச்சி, மதுரை வழியாகத் தூத்துக்குடி சென்று, அங்கிருந்து பல சமயம் கொழும்பில் கப்பல் மாறி, பிறகுதான் அக்கரை சேருகிறது. சரக்கேற்றுவதற்கென்று சர்வதேசக் கடல்சார் அமைப்பும், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும், ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையமும் கூடி 2014-இல் வகுத்த நடைமுறைத் தொகுப்பு, லாரி திடீரென்று பிரேக் போடும்போது சரக்கு தன் எடையில் 0.8 பங்கு விசையோடு முன்னோக்கித் தள்ளும் என்றும், கடுமையான கடற்பகுதிகளில் கப்பல் உருளும்போது அதே அளவு விசையோடு பக்கவாட்டில் தள்ளும் என்றும் கணக்கிட்டுக்கொள்ளச் சொல்கிறது. 25 டன் அரிசிக்கு அது 20 டன் விசை. பெட்டியின் பக்கச் சுவரோ, அது ஏற்கக்கூடிய உச்சச் சரக்கெடையில் 0.6 பங்கைத் தாங்குமாறும், முன்சுவரும் கதவும் 0.4 பங்கை மட்டுமே தாங்குமாறும் சோதிக்கப்படுகின்றன. 28 டன் ஏற்கக்கூடிய பெட்டிக்கு இவை முறையே சுமார் 17 டன், 11 டன். அதுவும் சுவரின் பரப்பு முழுவதிலும் சமமாகப் பரவினால்தான். எஞ்சிய விசையை மூட்டைகளுக்கும் தரைக்கும் இடையேயுள்ள உராய்வும், மூட்டைகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நிற்கும் பிடிப்புமே தாங்கியாக வேண்டும். கூரையின் பலத்தைப் பற்றியும் இதே மயக்கம் உண்டு. பெட்டிமேல் பெட்டியாக அடுக்கும் பாரமெல்லாம் நான்கு மூலைத் தூண்களின் வழியேதான் இறங்குகிறது. கூரைத் தகடு, 60 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட இடத்தில் 300 கிலோவைத் தாங்குகிறதா என்றுதான் பரீட்சிக்கப்படுகிறது.

ஆகையால் அடுக்கும் முறையிலேதான் பத்திரம் இருக்கிறது. கொத்தனார் செங்கல் வரிசையை இணைப்பு மாற்றிக் கட்டுவதுபோல், கீழ் வரிசையில் இரு சிப்பங்கள் கூடும் இடத்தின் மேல் அடுத்த வரிசைச் சிப்பத்தின் நடுப்பகுதி அமையுமாறு அட்டி போட்டால், முழு அட்டியும் ஒரே உடலாக நிற்கும். ஒன்றன்மேல் ஒன்றாக நேரே ஏற்றிய கோபுரங்களோ தனித்தனியே சாயும். சுவருக்கும் அட்டிக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி விட்டாலும், அந்தத் தூரத்தை ஓடி வந்து மோதும் மூட்டைகளின் தாக்குதல், சாய்ந்து அழுத்தும் பாரத்தைவிடப் பன்மடங்கு கொடியதாகும். நெய்த பிளாஸ்டிக் சாக்கில் கொக்கி போடுவதும் இப்படித்தான்: கிழிந்த ஒரு சாக்கிலிருந்து அரிசி ஒழுகி, அந்த இடம் தொய்ந்து, மேலுள்ள வரிசைகள் நிலைகுலைகின்றன. இவற்றுக்காகச் சுமைத் தொழிலாளர்களைக் குறை சொல்வது எனக்குச் சம்மதமில்லை. சிப்பத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசிவிட்டு, பொழுது சாய்வதற்குள் பெட்டி புறப்பட வேண்டுமென்று நெருக்குகிற இடத்தில், நிதானமாக இணைப்பு மாற்றி அடுக்கும் பொறுமையை அவர்களிடம் எதிர்பார்ப்பதற்கு நமக்கு என்ன உரிமை இருக்கிறது? அதற்கான நேரத்தையும் கூலியையும் கொடுக்க வேண்டிய கடமை சரக்குக்கு உடையவருடையது.

கனமானவற்றை ஒரு கோடியில் வைத்துவிட்டு இலேசானவற்றால் மற்றதை நிரப்பலாம் என்ற எண்ணம், அரிசியோடு பாத்திரம், அப்பளம், மசாலாப் பொடி என்று கலந்து அனுப்புகிறவர்களிடம் காணப்படுகிறது. மேற்சொன்ன தொகுப்பின் எளிய விதி, பெட்டியின் நீளத்தில் எந்தப் பாதியிலும் சரக்கெடையில் 60 சதவீதத்துக்கு மேல் சேரக்கூடாது என்பது. சேர்ந்தால், கிரேன் தூக்கும்போது பெட்டி ஒருபுறம் தாழும். லாரியின் ஓர் அச்சு மட்டும் பாரம் சுமக்கும்.

எடையைப் பற்றி, பத்திரத்தில் எழுதியிருப்பது போதும் என்ற நம்பிக்கைக்குப் பதில் சொல்ல ஒரு கப்பலின் கதையே போதும். 2007 ஜனவரியில் ஆங்கிலக் கால்வாயில் புயலில் சிக்கி உடல் பிளந்த எம்.எஸ்.சி. நாப்போலி கரையேற்றப்பட்டபின், மேல்தளத்தில் நனையாமல் எஞ்சியிருந்த சுமார் 660 பெட்டிகளை பிரிட்டிஷ் விசாரணையாளர்கள் நிறுத்துப் பார்த்தார்கள்; அவற்றில் 137 பெட்டிகளின் எடை, எழுதிக் கொடுத்ததிலிருந்து 3 டன்னுக்கும் மேல் வித்தியாசப்பட்டது. 2016 ஜூலை 1 முதல், ஏற்றியபின் சரிபார்த்த எடையை அனுப்புகிறவர் தெரிவிக்காத பெட்டியைக் கப்பலில் ஏற்றக்கூடாது என்பது சர்வதேசச் சட்டம். நிரம்பிய பெட்டியை எடை மேடையில் நிறுக்கலாம். அல்லது சரக்கு, சாக்கு, கட்டை, காகிதம் அனைத்தையும் நிறுத்துப் பெட்டியின் சொந்த எடையோடு கூட்டலாம். சாக்கு ஒன்று நூறு கிராம் என்றே கொண்டாலும், ஆயிரம் சாக்குக்கு நூறு கிலோ விட்டுப்போகும் என்பதை மறப்பவர்கள் உண்டு.

இனி, எல்லாவற்றிலும் ஆழமாக வேரூன்றிய நம்பிக்கைக்கு வருகிறேன். பெட்டி ஓட்டையில்லாமல் இருந்தால் அரிசி நனையாது என்கிறார்கள். ஓட்டை பார்ப்பது நல்ல வழக்கந்தான். ஒருவர் உள்ளே நிற்கக் கதவைச் சாத்தி, எங்கேனும் வெளிச்சம் ஊடுருவுகிறதா என்று பார்க்கும் எளிய பரீட்சையை யாரும் கைவிடலாகாது. முன்பு ஏற்றிய சரக்கின் வாடை பலகைத் தரையில் தங்கியிருந்தால் அரிசி அதை இழுத்துக்கொள்ளும் என்பதால், முகர்ந்தும் பார்க்க வேண்டும். ஆனால் கடல் கடந்து சென்று பூஞ்சணம் பிடித்துக் கிடக்கும் மூட்டைகளை நனைத்த நீர், பெரும்பாலும் வெளியிலிருந்து வந்ததே அன்று. 14 சதவீத ஈரப்பதமுள்ள 25 டன் அரிசிக்குள் மூன்றரை டன் நீர் அடங்கியிருக்கிறது. அதை நாமே உள்ளே வைத்துப் பூட்டுகிறோம். பகலில் கூரை கொதிக்கும்போது, அந்த நீரில் சிறு பங்கு ஆவியாகிக் காற்றில் கலக்கிறது. 35 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 40 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரிக்குக் குளிர்ந்தால் 17 கிராமுக்கு மேல் தாங்காது. இரவிலோ, குளிர்ந்த கடற்பகுதியிலோ கூரைத் தகடு குளிரும்போது, மிஞ்சிய ஆவி அதன் அடிப்புறத்தில் துளித்துளியாகப் படிந்து மேல்வரிசை மூட்டைகளின் மேல் சொட்டுகிறது. கண்டெய்னர் மழை என்று இந்தத் தொழிலில் உள்ளவர்கள் சொல்வது இதைத்தான். இறுக மூடிய பெட்டியில் இந்த ஈரம் வெளியேறவும் வழியில்லை.

ஈரம் உறிஞ்சும் பைகளைத் தொங்கவிட்டால் சரியாகிவிடும் என்று நம்புவதும் இதோடு சேர்ந்ததே. கால்சியம் குளோரைடு அடைத்த அந்தப் பைகள் காற்றிலுள்ள ஈரத்தில் சில கிலோவை ஏற்கும். சரிவர உலராத அரிசியின் டன் கணக்கான நீருக்கு அவை ஈடாகமாட்டா. புழுங்கல் அரிசிக்குப் பெயர்போன ஊரில் இதை வற்புறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது: ஊறவைத்து, அவித்து, உலர்த்தும் நெல்லில் கடைசிக் கட்டமான உலர்த்தலை அவசரப்படுத்தினால், அதன் பலன் கடலில்தான் தெரியும். அரிசிக்கான சர்வதேச உணவுத் தரம் 15 சதவீதம் வரை ஈரப்பதத்தை அனுமதித்தபோதிலும், நெடும் பிரயாணத்துக்கும் வெப்ப நாடுகளுக்கும் அதைவிடக் குறைவாக இருக்க வேண்டுமென்று சேர்த்தே சொல்கிறது. 14-ஐத் தாண்டாமலும், கூடுமானால் 13-ஐ ஒட்டியும் நிறுத்துவதே என் அபிப்பிராயம். அரைத்த சூடு ஆறுமுன் சாக்கில் பிடித்த அரிசியை அன்றே ஏற்றுவதும், பச்சை மரப்பலகைகளை அடியில் போடுவதும், உள்ளே ஈரத்தைக் கூட்டும் காரியங்களே. சுவரெங்கும் கிராஃப்ட் காகிதமும், அட்டியின் மேல் சொட்டு நீரை உறிஞ்சும் அட்டையும் விரிப்பது பயனுள்ள ஏற்பாடு.

2017-இல் சுங்கத் துறை கொண்டுவந்த முறைப்படி, ஆலையிலேயே ஏற்றி, ஏற்றுமதியாளரே மின்னணு முத்திரையிட்டு அனுப்பலாம். முத்திரை இட்டபின் பொறுப்பு முடிந்தது என்று எண்ணுகிறவர்கள், பூச்சிக்காக உள்ளே வைத்த மருந்தை மறந்துவிடுகிறார்கள். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைகள் காற்றின் ஈரத்தோடு சேர்ந்து வெளியிடும் பாஸ்பீன் வாயு, அந்துப்பூச்சிக்கு மட்டும் விஷமன்று. தொழிலாளி ஒருவர் வேலை நேரத்தில் சுவாசிக்கத்தக்க வரம்பு, காற்றின் பத்து லட்சம் பங்கில் 0.3 பங்கு என்று வைத்திருப்பதிலிருந்தே அதன் கொடுமை விளங்கும். வாடை இல்லை, ஆகவே வாயு இல்லை என்று தீர்மானிப்பது பேராபத்து; அளக்கும் கருவியன்றி வேறு பிரமாணம் இதற்குக் கிடையாது. மண்டையோட்டுச் சின்னமும், மருந்தின் பெயரும், இட்ட தேதியும் நேரமும் கொண்ட எச்சரிக்கைத் தாளைக் கதவில் ஒட்டுவதும், வாயுவை வெளியேற்றியபின் அந்தத் தேதியையும் குறிப்பதும் கட்டாயம். பெட்டியைத் திறப்பவர் நம் ஆலையைப் பார்த்திராத ஒரு மளிகைக் கடைச் சிப்பந்தியாகவும், தாளில் உள்ள மொழி அறியாதவராகவும் இருக்கலாம். அதனால் கடிதத்திலும் தொலைபேசியிலும் தெரிவித்துவிடுவதே முறை.

அவருக்கு இன்னோர் அபாயமும் காத்திருக்கிறது. பிரயாணத்தில் கதவுப் பக்கம் சாய்ந்துவிட்ட மூட்டைகள், தாழ்ப்பாளை நீக்கிய கணத்திலேயே கதவைத் தள்ளிக்கொண்டு அவர் மேல் விழும். சாத்திய கதவு தாங்கிக்கொள்ளும் என்று நம்பிக் கடைசி வரிசையைச் செங்குத்தாக ஏற்றாமல், கதவை நெருங்க நெருங்கப் படிப்படியாக உயரத்தைக் குறைத்து, உள்ளேயுள்ள வளையங்களில் பட்டையையோ வலையையோ குறுக்கே இழுத்துக் கட்டினால் இதைத் தடுக்கலாம். திறப்பவரும் இரு கதவுகளின் பிடிகளையும் ஒரு சங்கிலியால் தளர்வாகப் பிணைத்துக்கொண்டு, வலக்கதவை மட்டும் சிறிதளவு விலக்கி, தாம் அதன் பின்புறம் ஒதுங்கி நின்று, உள்ளே மூட்டைகள் எப்படி நிற்கின்றன என்று பார்த்த பிறகே சங்கிலியை எடுக்க வேண்டும்.