தகராறுக் கடிதத்தை யாரிடம் திருத்தக் கொடுப்பது?

டெல்லிக்காரரோடு ஒப்பந்தத் தகராறு முற்றிவிட்டால், அனுப்பும் ஆங்கிலக் கடிதத்தில் பிழை இருந்து மானம் போய்விடுமோ என்றுதான் நம்மவர்கள் முதலில் பயப்படுகிறார்கள். பிழையால் மானம்தான் போகும். விவரம் தெரியாத திருத்தத்தால் பணமே போகும்.

ஒரு கூட்டாண்மைத் தகராறு டெல்லி உயர் நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போனது. தரப்பினர் அப்படித் தீர்மானித்தால் ஆர்பிட்ரேஷனுக்கு (நடுவர் விசாரணைக்கு) அனுப்பலாம் என்ற தொனியில் பத்திரத்தில் ஒரு வரி இருந்தது. அந்த 'தீர்மானித்தால்' இருப்பதால் இது ஆர்பிட்ரேஷன் ஒப்பந்தமே அல்ல என்று 2007-ல் ஜகதீஷ் சந்தர் வழக்கில் தீர்ப்பாகி, ஆர்பிட்ரேட்டர் நியமனம் ரத்தானது. 2025 ஜூலையில் ஈஸ்டர்ன் கோல்ஃபீல்ட்ஸ் வழக்கில் 'மே' என்ற சொல்லுக்கும் இதே கதி. விருப்பத்தைச் சொல்லும் 'மே', கட்டாயத்தைச் சொல்லும் 'ஷேல்' இரண்டும் இலக்கணப்படி சரிதான். எந்தக் கருவியும் சிவப்புக்கோடு போடாது. அது பத்திரம், இது வெறும் கடிதம்தானே என்று தள்ளவும் முடியாது. 1996-ஆம் ஆண்டு ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 7-ஆம் பிரிவுப்படி கடிதப் போக்குவரத்திலிருந்தே, மின்னஞ்சலிலிருந்தும்கூட, அப்படியொரு ஒப்பந்தம் பிறக்கலாம்.

சரக்கு வந்த தேதி, சந்திப்பு நேரம் போன்ற சில்லறைக் கடிதங்களுக்குக் கணினியில் இருக்கும் திருத்தி போதும்.

ஏஐ செயலி வாக்கியத்தை வழவழப்பாக்கும், ஆபத்தும் அங்கேதான். ஒப்பந்தம் முழுக்க 'கூட்ஸ்' என்றிருப்பதை அழகுக்காக 'ப்ராடக்ட்ஸ்' ஆக்கிவிடும். ரகசியக் காப்பு நிபந்தனை இருந்தால் கடிதத்தைச் செயலியில் ஒட்டுவதே சிக்கல். பயன்படுத்தியே தீர வேண்டுமென்றால் பெயர், தொகையை நீக்கிவிட்டு, "பிழையைக் காட்டு, மாற்றி எழுதாதே" என்று கேளுங்கள்.

ஆங்கிலம் தெரிந்த நண்பரோ ஆசிரியரோ செயலியைவிட மேல். என்ன சொல்ல வருகிறீர்கள் என்று திருப்பிக் கேட்பார். ஆனால் அவர் மரியாதைக்குச் சேர்க்கும் வரிகளைக் கவனியுங்கள். நீங்கள் பணம் கொடுக்க வேண்டிய பக்கம் என்றால், "நிலுவையை விரைவில் செலுத்துகிறோம்" என்பது கடனை ஒப்புக்கொள்வது. வழக்குப் போடும் காலவரம்பு முடியுமுன் எழுதிக் கையெழுத்திட்டால், காலவரம்புச் சட்டம் 18-ஆம் பிரிவுப்படி கெடு புதிதாக ஓடத் தொடங்கும்.

ஒப்பந்த ரத்து, ஆர்பிட்ரேஷன் கோரும் நோட்டீஸ், சமரசப் பேச்சுக் கடிதம் மூன்றும் வக்கீலிடம் மட்டுமே போக வேண்டும். கட்டணம் கசக்கும், அவருடைய ஆங்கிலமும் கரடுமுரடாக இருக்கும். அதை மெருகேற்றப் போகாதீர்கள்.

யார் திருத்தினாலும், மேற்கோள் காட்டும் ஒப்பந்த வரி மூலத்தில் தப்பாக இருந்தால் தப்பாகவே இருக்கட்டும். அனுப்பிய பிறகு பிழை தெரிந்தால் பழைய தேதியில் புதுப் பிரதி அனுப்பாமல், இன்ன தேதிக் கடிதத்தில் இன்ன வரி திருத்தப்படுகிறது என்று தனிக் கடிதம் எழுதுங்கள்.