மட்கும் நெகிழியும் முப்பரிமாண அச்சும்

சிற்பி கல்லில் வேண்டாத பகுதியைச் செதுக்கி நீக்குகிறார். முப்பரிமாண அச்சுப்பொறியோ வேண்டியதை மட்டும் அடுக்கடுக்காகச் சேர்க்கிறது. முறுக்குக் குழலிலிருந்து மாவு இறங்குவதைப்போல, சூட்டில் இளகிய நெகிழி ஒரு சிறு முனை வழியே இழையாக இறங்குகிறது. பல பொறிகளில் அம்முனையின் துளை 0.4 மில்லிமீட்டரே. இம்முறைக்கு அமெரிக்கப் பொறியாளர் ஸ்காட் கிரம்ப் 1989இல் காப்புரிமை கோரினார்.

இப்பொறிகளில் மிகுதியாகப் பயன்படுவது பி.எல்.ஏ. என்னும் நெகிழி. மக்காச்சோளம், கரும்பு ஆகியவற்றின் சர்க்கரையை நுண்ணுயிரிகள் நொதிக்கச் செய்வதால் கிடைக்கும் லாக்டிக் அமிலமே இதன் மூலப்பொருள். தயிருக்குப் புளிப்பைத் தருவதும் இவ்வமிலமே. இது மட்கும் நெகிழி என்பதற்காகத் தோட்டத்தில் வீசிவிடலாகாது. ஏறத்தாழ 60 டிகிரி வெப்பமும் ஈரமும் உள்ள உரக்கூடத்தில் சில மாதங்களில் மட்கும். கடலிலும் சாதாரண மண்ணிலும் நெடுங்காலம் அப்படியே கிடக்கும்.

பி.எல்.ஏ. விறைப்பானது, ஆயினும் எளிதில் உடையும். மண்சுவருக்கு வைக்கோல் சேர்ப்பதைப்போல, சணல், ஆளி, தென்னை முதலியவற்றின் நாரைப் பொடியாக நறுக்கி இதனுடன் கலப்பர். சிக்கலும் இங்குதான் தொடங்குகிறது. நாரை மிகுத்தால் முனை அடைத்துக்கொள்ளும். வெப்பத்தை மிகுத்தால் அடுக்குகள் நன்கு ஒட்டும். ஆனால் 200 டிகிரியைக் கடந்து செல்லச் செல்ல நார் கருகத் தொடங்கும். நார் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. உலர்த்தாமல் அச்சிட்டால் அவ்வீரம் ஆவியாகிப் பொருளுக்குள் நுண்துளைகளை உண்டாக்கும். மேலும், இறங்கும் இழையின் திசையிலேயே நார் படிவதால் அத்திசையில் வலிமை கூடும். அடுக்கிற்கும் அடுக்கிற்கும் இடையே நார் பாலமாக அமைவதில்லை. எனவே, பொருள் பெரும்பாலும் அடுக்குகளின் இடையிலேயே பிரிகிறது.

ஒன்றை உயர்த்தினால் மற்றொன்று தாழும் இந்நிலையில் உகந்த அளவுகளைக் காண்பது எவ்வாறு? வெப்பநிலை, வேகம், அடுக்கின் தடிமன், நாரின் பங்கு எனக் காரணிகள் நான்கு. ஒவ்வொன்றிற்கும் மூன்று அளவுகள் என்று கொள்வோம். எல்லாவற்றையும் சோதிக்க 3×3×3×3, அதாவது 81 சோதனைகள் வேண்டும். ஜப்பானியப் பொறியாளர் கெனிச்சி டகுச்சி பரப்பிய அட்டவணை முறையில் ஒன்பதே போதும். எந்த இரு காரணிகளை எடுத்தாலும், அவற்றின் அளவுகள் ஒன்றோடொன்று சரியாக ஒருமுறை சேருமாறு அவ்வொன்பதும் அமைந்திருக்கும். ஆயினும் காரணிகள் ஒன்றையொன்று பெரிதும் பாதித்தால் இக்கணக்கு பிழைபடலாம். ஆதலால், கண்ட அளவுகளில் மீண்டும் ஒரு பொருளை அச்சிட்டு உடைத்துப் பார்ப்பது இன்றியமையாதது.

எது உகந்தது என்பது பயனைப் பொறுத்தது. நாற்றுத் தொட்டிக்கு மிகுந்த வலிமை தேவையில்லை. கருவியின் கைப்பிடிக்கு அது தேவை. கோடையில் மூடிய மகிழுந்துக்குள் வைக்கும் பொருளுக்கோ பி.எல்.ஏ. ஏற்றதன்று, ஏறத்தாழ 60 டிகிரியில் அது இளகி வளைந்துவிடும்.

பயிற்சி

1. காரணிகள் மூன்று, ஒவ்வொன்றிற்கும் அளவுகள் இரண்டு எனில், முழுமையாகச் சோதிக்க எத்தனை சோதனைகள் வேண்டும்?
2. நார் கலந்த பின்னும் பொருள் அடுக்குகளின் இடையே பிரிவது ஏன்?
3. அச்சுப்பொறியின் செயலுக்கு உம் வீட்டுச் சமையலறையிலிருந்து வேறோர் உவமை கூறுக.