ரெகுலேட்டரை வீட்டிலேயே கழற்றலாமா?

கேள்வி: பெர்ஹெந்தியான் தீவில் முக்குளிப்புப் பயிற்சி முடித்துவிட்டு, நண்பர் ஒருவரிடம் பழைய ரெகுலேட்டர், பிசிடி (காற்றடைத்து மிதப்பைச் சரிசெய்யும் மேலங்கி), கண்ணாடி, முக்குளிப்பு உடை எல்லாம் வாங்கினேன். இனி மழைக்காலம், பிப்ரவரி கழியும்வரை தீவுப் பக்கம் போக முடியாது. எங்கள் வீடு வயலோரம், தகரக் கூரை. அப்பா நெல் அறுவடை இயந்திரம் பழுதுபார்ப்பவர். “எல்லாம் வால்வுதானே, கழற்றிக் கிரீஸ் போட்டுத் தருகிறேன்” என்கிறார். கொடுக்கலாமா?
– வாசகர், சுங்கை பெசார்

பதில்: அப்பா சொல்வதில் உண்மை இருக்கிறது. 1943-இல் பிரெஞ்சுக் கடலாய்வாளர் ழாக் குஸ்தோவுடன் சேர்ந்து முக்குளிப்பு ரெகுலேட்டரை உருவாக்கிய எமில் கஞ்ஞான் ஒரு பொறியாளர். போர்க்கால எரிபொருள் தட்டுப்பாட்டில், வாயுவில் ஓடிய வண்டிகளுக்காக அவர் செய்த வால்விலிருந்துதான் அது பிறந்தது. ஆனாலும் கழற்ற வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

நிரப்பிய சிலிண்டரில் காற்று சுமார் 200 பார் அழுத்தத்தில் இருக்கும். அதன் தலையில் பொருத்தும் ரெகுலேட்டரின் முதல் நிலை, சுற்றியுள்ள நீரழுத்தத்தைவிட ஏறக்குறைய 10 பார் மட்டும் கூடுதலாக இருக்கும்படி அதைக் குறைக்கிறது. வாயில் கவ்வும் இரண்டாம் நிலை, நீங்கள் மூச்சை இழுக்கும்போது மட்டும் திறந்து, நீரழுத்தத்துக்குச் சமமான காற்றைத் தருகிறது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையில் உள்ளதைப் போல இரு மடங்கு, 20 மீட்டரில் மும்மடங்கு. அந்த மாற்றத்துக்கெல்லாம் ஈடுகொடுப்பது சில ரப்பர் வளையங்களும் ஒரு சுருள்வில்லும்தான். கழற்றினால் தயாரிப்பாளரின் உதிரிகளைப் போட்டு, அவர் சொன்ன அளவுக்கு அழுத்தமானி வைத்துச் சரிபார்க்க வேண்டும். எஞ்சின் கிரீஸ் ரப்பரைக் கெடுக்கும். உயர் அழுத்தத்தில், ஆக்சிஜன் கூடிய காற்றில், தீப்பிடிக்கவும் கூடும். தயாரிப்பு நிறுவனத்தின் பயிற்சி பெற்ற பழுதுபார்ப்பவரிடமே கொடுங்கள். வருடத்துக்கு ஒருமுறையா, இரண்டு வருடத்துக்கா என்பது கையேட்டில் இருக்கும். பழைய ரெகுலேட்டர் என்பதால் சீசனுக்கு முன் ஒருமுறை கட்டாயம்.

நீங்களே செய்ய வேண்டியது கழுவுதலும் சேமிப்பும். பெரும்பாலான கருவிகள் கெடுவது கடலில் அல்ல, கழுவாமல் வைத்த வீட்டில்தான். முதல் நிலையின் தூசி மூடியைத் துடைத்து இறுக்கிவிட்டு, ரெகுலேட்டரைக் குழாய்த் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிடுங்கள். வாய்க்கால் தண்ணீர் வேண்டாம், சேறு உள்ளே போகும். ஊறும்போது இரண்டாம் நிலையில் காற்றைத் திறந்துவிடும் பர்ஜ் பொத்தானை அமுக்கவே கூடாது. அமுக்கினால் வால்வு திறந்து, தண்ணீர் குழாய் வழியே முதல் நிலைக்கு ஏறிவிடும்.

பிசிடிக்குள்ளும் நல்ல தண்ணீர் விட்டுக் குலுக்கி வடியுங்கள். பிறகு கொஞ்சம் காற்றூதி வையுங்கள், உள்சுவர்கள் ஒட்டாது. உடையை அகலமான ஹேங்கரில் நிழலில் தொங்கவிடுங்கள். மடித்தால் மடிப்பு அப்படியே நின்றுவிடும். நிறமற்ற சிலிக்கோன் கண்ணாடியைக் கறுப்பு ரப்பர் பொருளோடு சேர்த்து வைத்தால் கறை ஏறும்.

வைக்கும் இடம் முக்கியம். தகரத்தடி வெக்கை ரப்பரைச் சாகடிக்கும். பெட்ரோல், வயல் மருந்து இருக்கும் அறையும் ஆகாது. வீட்டிலேயே குளிர்ச்சியான உள்ளறையைத் தேர்ந்தெடுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகே பையில் போடுங்கள். ஈரத்தோடு மூடினால் நம்மூர்ப் புழுக்கத்தில் பூஞ்சை பிடிக்கும். இரண்டாம் நிலையைத் துணிப்பையில் கட்டி வையுங்கள்; கரப்பான்பூச்சி வாய்க்கவ்வி வழியே புகுந்து குடியேறும். குழாய்களை ஒடித்து மடக்காமல் பெரிய வளையமாகச் சுற்றுங்கள்.

கேள்வி: சிலிண்டரும் சொந்தமாக வாங்கலாமா?

பதில்: அவசரமில்லை, தீவிலேயே நிரப்பிய சிலிண்டர் தருவார்கள். வாங்கினால் முழுக்கக் காலி செய்யாதீர்கள். 20 பார் அளவாவது மிச்சம் இருந்தால் ஈரக்காற்று உள்ளே புகாது. வருடத்துக்கு ஒருமுறை உட்புறப் பார்வையிடலும், பொதுவாக ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனையும் வேண்டும். சோதனைத் தேதி சிலிண்டரின் தோளில் பொறிக்கப்பட்டிருக்கும். அதைப் படித்துப் பார்க்காமல் பழைய சிலிண்டருக்குக் காசு கொடுக்காதீர்கள்.