அடுப்படிச் சுவரின் பழைய ஸ்டிக்கரை உரிப்பது எப்படி?

எருமப்பட்டி வட்டாரத்தில் அடுப்படியைப் புதுப்பிக்கலாம் என்று பேச்சு வந்தாலே பெயிண்ட் என்ன நிறம், டைல்ஸ் என்ன டிசைன், மாடுலர் அலமாரிக்கு எவ்வளவு ஆகும் என்றுதான் கணக்குப் போடத் தொடங்குகிறோம். சுவரில் ஏற்கெனவே ஒட்டிக்கிடக்கும் ஸ்டிக்கரை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. வேலைக்கு வருகிறவரும் பல நேரம், "இது மேலயே ஒட்டிரலாங்க்கா, நல்லாத்தான இருக்குது" என்று சொல்லிவிடுவார். சம்மதிக்காதீர்கள். அடுப்புக்குப் பின்னால் சில வருடம் இருந்த ஸ்டிக்கருக்கு அடியில் எண்ணெயும் ஈரமும் இறங்கியிருக்கும். அதன்மேல் எதை ஒட்டினாலும், எதை அடித்தாலும் அது பழைய ஸ்டிக்கரோடு சேர்ந்து ஒருநாள் கழன்றுவரும்.

நம் ஊர் அடுப்படிகளில் வால்பேப்பர் என்று சொல்வது பெரும்பாலும் காகிதம் அல்ல. பின்பக்கத் தாளை உரித்து ஒட்டும் ஸ்டிக்கர்தான்: ஒன்று வெள்ளி நிற அலுமினிய ஃபாயில், இன்னொன்று டைல்ஸ் படம் போட்ட பிவிசி. இந்த வேறுபாடு தெரிந்திருப்பது அவசியம். வெளிநாட்டு வீடியோக்களில் சுவருக்கு ஆவி பிடித்து, தண்ணீர் தெளித்து உரிப்பார்கள். அங்கே காகிதத்தை ஒட்டியிருப்பது மாவுப் பசை. சினிமா போஸ்டருக்கு நாம் காய்ச்சும் மைதாப் பசையைப் போன்றதுதான். வெந்நீர் பட்டால் ஊறி விட்டுவிடும். நம் ஸ்டிக்கரின் பசையோ அக்ரிலிக். மேல்தாள் தண்ணீரை உள்ளே விடாது, விட்டாலும் பசை கரையாது. அது இளகுவது சூட்டுக்குத்தான்.

உரிப்பதற்கு முன்னால் அடியில் இருப்பது என்ன சுவர் என்று பாருங்கள். ஃபிரிட்ஜுக்குப் பின்னால், மேடைக்கு அடியில் என்று கண்ணில் படாத ஒரு மூலையில் உள்ளங்கை அளவு உரித்தால் போதும். உள்ளே டைல்ஸ் தெரிந்தால் பாதி வேலை மிச்சம். கையால் தேய்த்ததும் வெள்ளைப் பொடி ஒட்டினால் சுண்ணாம்பு அல்லது டிஸ்டம்பர். பளபளப்பாக இருந்து தண்ணீர் முத்து முத்தாக நின்றால் எனாமல், அதாவது ஆயில் பெயிண்ட். சந்தேகம் இருந்தால் பஞ்சில் சானிடைசரை நனைத்து அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் எமல்ஷன், ஏறாவிட்டால் எனாமல்.

எனாமல் என்று தெரிந்தால் அது எந்த வருடம் அடித்தது என்று வீட்டில் கேளுங்கள். வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்று மத்திய அரசு 2016இல் விதி கொண்டுவந்தது. 2017 நவம்பர் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன்பு அடித்த எனாமலில், முக்கியமாக மஞ்சள், பச்சை, சிவப்பு நிறங்களில், ஈயம் கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு. அந்தச் சுவரை வறண்ட உப்புத்தாளால் தேய்க்கவே கூடாது. கிளம்பும் தூசு சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து நனைத்துத் தேயுங்கள். கீழே விழுவதை ஈரத்துணியால் வழித்தெடுங்கள், துடைப்பத்தால் கூட்டாதீர்கள். வேலை முடியும்வரை பிள்ளைகள் அடுப்படிப் பக்கம் வர வேண்டாம்.

இனி அடுப்படியைக் காலி செய்யும் வேலை. சிலிண்டரில் ரெகுலேட்டரைக் கழற்றி, மூடியைப் போட்டு வெளியே வைத்துவிடுங்கள். மேடைமேல் பழைய வேட்டியையோ சாக்கையோ விரித்து, சிங்க் துவாரத்தைத் துணியால் அடைத்துவிடுங்கள். சுரண்டிய சுண்ணாம்பும் பட்டியும் குழாய்க்குள் போய் இறுகினால் அது தனிச் செலவு. பிறகு அடுப்படிக்கான எம்சிபியை இறக்கிவிட்டு, சுவிட்ச் பாக்ஸில் டெஸ்டர் வைத்துப் பாருங்கள். ஃபாயில் ஸ்டிக்கர் அலுமினியம் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். அதில் மின்சாரம் பாயும். பல வீடுகளில் சுவிட்ச் பாக்ஸின் தட்டுக்கு அடியில் ஃபாயிலின் ஓரத்தைச் சொருகித்தான் ஒட்டியிருக்கிறார்கள். சுவிட்ச் பாக்ஸைச் சுற்றியுள்ள பகுதியை முதலில், மின்சாரம் இல்லாதபோதே, பிளேடால் கீறி உரித்துவிட வேண்டும். மற்ற இடங்களுக்கு ஹேர் டிரையர் தேவைப்படும். அதற்கு ஹாலில் இருந்து எக்ஸ்டென்ஷன் ஒயர் இழுத்துக்கொள்ளுங்கள். அடுப்படி லைன் அணைந்தே இருக்கட்டும்.

உரிப்பதில் ஒரு கைப்பக்குவம் இருக்கிறது. லாரிக்கு ரேடியம் ஸ்டிக்கர் ஒட்டுகிறவர்கள் பழையதை எடுப்பதைப் பார்த்தால் அது புரியும். நாமக்கல்லில் லாரிப் பட்டறைகளுக்குக் குறைவில்லை. அவர்கள் வெடுக்கென்று இழுப்பதில்லை. மேல் மூலையில் அரையடி இடத்துக்கு டிரையரின் சூட்டை அசைத்து அசைத்துக் காட்டுங்கள். தாள் தளர்ந்ததும் நகத்தால் நுனியைக் கிளப்பி, சுவரை ஒட்டியபடியே மடக்கிக் கீழ்நோக்கி இழுங்கள். உங்களை நோக்கி நேராக இழுத்தால் பூச்சும் கூடவே பிய்ந்து வரும். சூடு ஒரு கையில், இழுப்பு மறு கையில், இரண்டும் ஒரே வேகத்தில் போக வேண்டும். பிவிசி முழுத்தாளாக வரும். ஃபாயில் கிழிந்துகொண்டே இருக்கும், பொறுமை வேண்டும். அதன் ஓரம் விரலை அறுக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

உரித்த தாளைத் திருப்பிப் பாருங்கள். ஓரங்களில் தேன் நிறத்தில் எண்ணெய் இறங்கிய கோடு இருக்கும். அடுப்புக்கு நேர் மேலே அது பிசினாகக் கெட்டித்து, கரப்பான் முட்டைகள் அதில் ஒட்டிக்கிடக்கும். கரும்புள்ளிகள் தெரிந்தால் பூஞ்சை. அங்கே பிளீச்சிங் பவுடர் கரைசலைப் பூசி, கால் மணி நேரம் விட்டுக் கழுவுங்கள். கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டை அதனுடன் எக்காரணத்துக்கும் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.

சுவரில் தங்கும் பசைக்கு ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். தேங்காய் எண்ணெய் தடவு என்பது அதிகம் கேட்கும் யோசனை. டைல்ஸிலும் எனாமலிலும் அது சரிதான். தடவி ஊறவிட்டு பிளாஸ்டிக் அட்டையால் வழித்தால் பசை உருண்டுவரும். ஆனால் சுண்ணாம்புச் சுவரிலும் வெறும் சிமென்ட் பூச்சிலும் ஒரு சொட்டுகூட வேண்டாம். எண்ணெயைச் சுவர் உறிஞ்சிவிட்டால் அந்த இடத்தில் பெயிண்ட் நிற்காது. மண்ணெண்ணெயும் அப்படித்தான். அங்கே சூடு காட்டிப் பட்டி பிளேடால் வழித்தெடுப்பதுதான் வழி. எமல்ஷன் சுவரிலும் அதையே செய்யுங்கள். டர்பன்டைன் பயன்படுத்துவதாக இருந்தால் டிரையர் வேலையை முழுவதும் முடித்து, அதை எடுத்து வைத்துவிட்டு, ஜன்னல் கதவெல்லாம் திறந்த பிறகே பாட்டிலைத் திறங்கள்.

பசை போனாலும் பிசுக்கு இருக்கும். ஒரு பக்கெட் வெந்நீரில் ஒரு கைப்பிடி சலவை சோடா போட்டுக் கரைத்து, ஸ்பாஞ்சால் கீழிருந்து மேலாகத் துடையுங்கள். மேலிருந்து தொடங்கினால் அழுக்குத் தண்ணீர் காய்ந்த சுவரில் ஒழுகிக் கோடு விழும், அந்தக் கோடு பிறகு போகவே போகாது. நல்ல தண்ணீரில் அலசும்போது மட்டும் மேலிருந்து கீழே. போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் கடைசி அலசலுக்குக் குடிதண்ணீரையே எடுங்கள். உப்புத்தண்ணீர் காய்ந்த சுவரில் வெள்ளை பூக்கும். சலவை சோடா அலுமினியப் பாத்திரத்தைக் கறுக்க வைக்கும் என்பதால் பாத்திரங்களைத் தள்ளி வையுங்கள்.

சுண்ணாம்புச் சுவருக்கு இந்தக் குளியல் ஆகாது. ஒவ்வொரு பொங்கலுக்கும் அடித்து அடித்து அடுக்கடுக்காக ஏறியிருக்கும் சுண்ணாம்பைப் பட்டி பிளேடால் வறட்டுச் சுரண்டலாகச் சுரண்டி, தேங்காய் நார் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். மூக்கை மூடிக்கொள்ளுங்கள். ஓட்டு வீட்டு மண் சுவராக இருந்தால் வெள்ளை சிமென்ட் பட்டியை அதன்மேல் ஏற்றவே வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம். மண்ணும் சுண்ணாம்பும் ஈரத்தை வாங்கி வெளியே விடும் தன்மை கொண்டவை. சிமென்ட் அந்த ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். சில மழைக்காலங்களில் பட்டி பூச்சோடு உதிர்ந்து விழும். அந்தச் சுவருக்கு மறுபடியும் சுண்ணாம்புதான் நல்லது.

பட்டி பார்ப்பதற்கு முன்னால் ஈரச் சோதனையைத் தவிர்க்காதீர்கள். ஓரடி சதுரப் பாலித்தீனைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் டேப்பால் அடைத்து ஒருநாள் விடுங்கள். உரித்துப் பார்க்கும்போது உட்பக்கம் நீர் கோத்திருந்தால் சுவருக்குள்ளிருந்து ஈரம் வருகிறது. சிங்க் குழாய் கசிகிறதா, மறுபக்கம் குளியலறைச் சுவரா, அடித்தளத்திலிருந்து ஏறுகிறதா என்று கண்டுபிடித்து அதை முதலில் சரிசெய்ய வேண்டும். ஆடி கழிந்து ஐப்பசி வரை நம் பக்கம் சாயங்கால மழை அடிக்கடி வரும், சுவர் காயாது. தை பிறந்த பிறகு தொடங்கினால் வெயில் உதவும்.

பூச்சு பெயர்ந்த இடங்களைக் கொத்திச் சிமென்ட் கலவையால் அடைத்து, ஒரு வாரம் தண்ணீர் விட்டு, பிறகு ஒரு மாதமாவது காயவிடுங்கள். எனாமல் சுவராக இருந்தால் அதன் பளபளப்பு போகும்வரை வாட்டர் பேப்பரால் தேய்த்த பிறகுதான் எதையும் பூச வேண்டும். பட்டி, பிரைமர் எல்லாம் அதற்கு அப்புறம். அடுப்புக்கு நேர் பின்னால் இருக்கும் பகுதிக்கு மட்டும் பெயிண்டும் வேண்டாம், மறுபடி ஸ்டிக்கரும் வேண்டாம். மேடையிலிருந்து இரண்டடி உயரத்துக்குத் தரமான டைல்ஸ் பதித்துவிடுங்கள்; டைல்ஸ் பதிக்க ஆள் வரும் நாளைக்கு முன்பே சுவிட்ச் பாக்ஸை அடுப்பிலிருந்து தள்ளி மாற்றச் சொல்லி எலக்ட்ரீஷியனிடம் பேசி வையுங்கள்.